ஒரே டிரேடிங் நிரல், நான்கு ஜன்னல்கள்: கணக்கு யார் கையில்?

ஒரே டிரேடிங் நிரலை மடிக்கணினியில் நான்கு ஜன்னல்களில் திறந்து, நான்கு நாணய ஜோடிகளில் ஓட விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் ஒரே கட்டளைதான்: "இந்தக் கணக்கில் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் நஷ்ட ஆபத்து எடுக்காதே." மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், கணக்கில் 7,200 ரிங்கிட் ஆபத்தில் நிற்கிறது.

எந்த நிரலும் சொன்ன பேச்சை மீறவில்லை. ஒவ்வொன்றும் 1,800 ரிங்கிட்டோடு ஒழுங்காக நிறுத்திக்கொண்டது. ஆனால் மற்ற மூன்றும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று எதற்குமே தெரியாது. நான்கு பேர், நான்கு நோட்டுப் புத்தகம். கணக்கு என்னவோ ஒன்றுதான்.

டிரேடிங் 'பாட்' எழுதிப் பழகும் இளைஞர்கள் பெரும்பாலும் இந்தச் சுவரில் ஒருமுறையாவது முட்டிக்கொள்வார்கள். பெரிய நிறுவனங்களும் முட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் பல நிரல்கள் ஒரே தகவலைப் பகிர்ந்துகொள்வது எப்படி, எங்கே தவறு நடக்கிறது? பார்ப்போம்.

ஒரு நிரல் எப்படி நான்கு ஆகிறது?

கணினியில் சேமித்து வைத்திருக்கும் நிரல் ஒன்றுதான். அதைத் திறக்கும்போது இயங்குதளம் அதற்கென்று தனி நினைவகம் ஒதுக்குகிறது. இரண்டாவது முறை திறந்தால் இன்னொரு தனி நினைவகம். இப்படி இயங்கும் ஒவ்வொரு பிரதியையும் 'இன்ஸ்டன்ஸ்' என்கிறோம்.

ஒரு பிரதியின் நினைவகத்தை இன்னொரு பிரதி எட்டிப்பார்க்க முடியாது. இது குறை அல்ல, பாதுகாப்பு. ஒன்று பழுதாகி நின்றால் மற்றவை சாயாமல் இருக்க விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே வேண்டுமென்றே இந்தச் சுவரைக் கட்டியிருக்கின்றன. அதனால் நிரலுக்குள் 'மொத்த ஆபத்து' என்று ஒரு மாறி வைத்தால், நான்கு பிரதிகளில் அது நான்கு தனித்தனி மாறி. பெயர் மட்டும்தான் ஒன்று.

சரி, எதற்குப் பல பிரதிகள்? ஒரு பிரதி ஒரு நாணய ஜோடியைக் கவனிப்பது எளிது என்பது ஒரு காரணம். இரண்டு புரோக்கர்களிடம் கணக்கு இருக்கலாம். வீட்டில் மின்சாரம் போனாலும் வேலை நிற்காமல் இருக்க, வாடகை சர்வரில் இன்னொரு பிரதி ஓடலாம். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். சிக்கல் பிரதிகளின் எண்ணிக்கையில் இல்லை. அவை பொதுக் கணக்கை எப்படி வைத்துக்கொள்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

கேமரன் மலையில் இரண்டு லாரிகள்

இதைப் புரிந்துகொள்ள கணினியை மூடிவிட்டு, பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குப் போவோம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்துக்கு அங்கே போ, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் என்று மூன்று தோட்டங்கள் உண்டு. ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே சாலையோரத்தில் பாரத் குழுமத்தின் தேயிலைச் சரிவுகளைப் பார்க்கலாம். இந்த மலையில் காடு வெட்டிச் செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும் பங்கு தமிழர்கள். இன்று பறிப்பதில் இயந்திரமும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதிகம். ஆனால் கொழுந்தின் குணம் மட்டும் மாறவில்லை. பறித்த கொழுந்து காத்திருக்காது.

குவியலாக விட்டால் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும். அன்றன்றைக்கே ஆலைக்குப் போய், வாட்டும் தொட்டியில் பரப்பியாக வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்துக்கு 1 கிலோ தேயிலைதான் கிடைக்கும் என்பதால், ஒரு லோடு வீணானாலும் இழப்பு பெரிது. தொட்டியின் கொள்ளளவோ அளவானது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஆலையின் தொட்டியில் 500 கிலோவுக்கு இடம் இருக்கிறது. இரண்டு பிரிவுகளிலிருந்து இரண்டு லாரிகள் கிளம்பத் தயாராக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் 400 கிலோ.

முதல் ஓட்டுநர் ஆலைக் கிராணிக்குப் போன் போடுகிறார். "ஐயா, தொட்டியில எவ்வளவு எடம் இருக்கு?" "ஐந்நூறு கிலோ போடலாம்ப்பா." அவர் கிளம்பிவிட்டார். இரண்டு நிமிடம் கழித்து அடுத்த ஓட்டுநரும் அதையே கேட்கிறார். முதல் லாரி இன்னும் வந்து சேரவில்லை, தொட்டி அப்படியே காலியாக இருக்கிறது. கிராணி எட்டிப்பார்த்துவிட்டு அதே பதிலைச் சொல்கிறார். "ஐந்நூறு போடலாம்."

இரண்டு லாரியும் வந்து நிற்கும்போது 800 கிலோ கொழுந்து, 500 கிலோவுக்கு இடம். 300 கிலோ வெளியே சூடேறிக்கொண்டிருக்கிறது. யார் பொய் சொன்னார்கள்? யாரும் இல்லை. இரண்டு பதிலும் சொன்ன நேரத்தில் உண்மைதான்.

தகவல் இங்கே பகிரப்பட்டது, அதுவும் சரியாகவே பகிரப்பட்டது. இருந்தும் தவறு நடந்தது. ஏனென்றால் கேட்பதற்கும் கொண்டுவந்து கொட்டுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது, அந்த இடைவெளியில் இன்னொருவர் புகுந்துவிட்டார்.

இதற்குத் தீர்வு கிராணியின் பதிலில் இருக்கிறது. "எடம் இருக்கு. நானூறு கிலோவை உன் பேருல எழுதிட்டேன், கிளம்பி வா." அடுத்தவர் கேட்கும்போது கிராணி தொட்டியைப் பார்க்க மாட்டார், நோட்டைப் பார்ப்பார். "இப்போ நூறு கிலோவுக்குத்தான் எடம்." பார்ப்பதும் ஒதுக்குவதும் ஒரே செயலாகிவிட்டது.

நிரலில் இதே தவறு எப்படி நடக்கிறது?

இப்போது நம் நான்கு ஜன்னல்களுக்குத் திரும்புவோம். முதல் அனுபவத்துக்குப் பிறகு, மொத்த ஆபத்தை ஒரு பொதுக் கோப்பில் எழுதி வைக்கிறீர்கள். ஒவ்வொரு பிரதியும் வாங்குவதற்கு முன் கோப்பைப் படிக்கும், வாங்கியதும் புதுத் தொகையை எழுதும். வரம்பு 2,000 ரிங்கிட், ஒவ்வொரு டிரேடுக்கும் 600 ரிங்கிட் ஆபத்து. கோப்பில் இப்போது 1,200 என்று இருக்கிறது.

- முதல் பிரதி கோப்பைப் படிக்கிறது: 1,200. கூட்டினால் 1,800, வரம்புக்குள்தான்.
- அது எழுதுவதற்குள் இரண்டாம் பிரதியும் படிக்கிறது: 1,200. அதற்கும் 1,800, வரம்புக்குள்தான்.
- முதல் பிரதி வாங்குகிறது, கோப்பில் 1,800 என்று எழுதுகிறது.
- இரண்டாம் பிரதியும் வாங்குகிறது, அதுவும் 1,800 என்று எழுதுகிறது.

உண்மையான ஆபத்து 2,400 ரிங்கிட். கோப்பு காட்டுவதோ 1,800. வரம்பு மீறியது ஒரு தவறு. அதைவிட மோசமான தவறு, மீறியது யாருக்கும் தெரியாமல் போனது. இனி வரும் ஒவ்வொரு முடிவும் அந்தப் பொய்க் கணக்கை நம்பித்தான் எடுக்கப்படும்.

இதை 'ரேஸ் கண்டிஷன்' என்கிறார்கள். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும் நிலை. இந்த வகைப் பிழையின் தொல்லை என்னவென்றால், சோதிக்கும்போது பெரும்பாலும் கண்ணில் படாது. நூறு தடவை ஓட்டிப் பார்த்தாலும் சரியாகவே வரும். சந்தை பரபரப்பாகி, நான்கு ஜோடிகளும் ஒரே நொடியில் அசையும்போதுதான் வெளியே வரும். அதாவது, நீங்கள் அதிகமாக இழக்கக்கூடிய நேரத்தில்.

டிரேடிங்குக்கு வெளியேயும் இதன் விலை பெரிது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். ஒகாயோ மாநில மின் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி ஒலிக்காமல் போனது அதன் காரணங்களில் ஒன்று. அந்த எச்சரிக்கை மென்பொருளில் ஒளிந்திருந்ததும் ஒரு ரேஸ் கண்டிஷன்தான்.

'பூட்டு' என்ற பழைய யோசனை

நெதர்லாந்துக் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களிலேயே இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். பல செயல்கள் ஒரே பொருளைத் தொட வேண்டியிருந்தால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே தொட முடியும்படி செய்வது எப்படி என்று 1965இல் அவர் எழுதியவை இன்றைக்கும் பாடத்தில் இருக்கின்றன.

நடைமுறையில் அது ஒரு பூட்டு. பூட்டை எடுத்த பிரதி மட்டும் பொதுக் கணக்கைப் படிக்கலாம், முடிவெடுக்கலாம், எழுதலாம். பிறகு பூட்டை விடும். மற்றவை அதுவரை காத்திருக்கும். படிக்க மட்டும் பூட்டிவிட்டு, எழுதும்போது மறுபடி பூட்டினால் போதுமா? போதாது. நடுவில் அதே இடைவெளி வந்துவிடும். படிப்பதில் இருந்து எழுதி முடிக்கும் வரை ஒரே பூட்டு இருக்க வேண்டும்.

பூட்டே இல்லாமலும் ஒரு வழி உண்டு. "இப்போது 1,200 என்று இருந்தால் மட்டும் 1,800 ஆக்கு" என்று ஒரே கட்டளையாகக் கேட்பது. நடுவில் யாராவது மாற்றியிருந்தால் கட்டளை தோற்கும். நிரல் மறுபடி படித்துப் பார்த்து முடிவு செய்யும். பிரிக்க முடியாத இப்படிப்பட்ட செயலை 'அட்டாமிக்' என்கிறோம்.

எதில் பகிர்வது?

பிரதிகள் எவ்வளவு தூரத்தில் ஓடுகின்றன என்பதைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே டெர்மினலுக்குள்: மலேசிய, சிங்கப்பூர் இளைஞர்கள் பலர் பயன்படுத்தும் மெட்டாடிரேடர் 5இல் டெர்மினலுக்கென்று 'குளோபல் வேரியபிள்' வசதி இருக்கிறது. ஒரே டெர்மினலில் வெவ்வேறு சார்ட்டுகளில் ஓடும் நிரல்கள் எல்லாம் அதைப் படிக்கலாம், எழுதலாம். மேலே சொன்ன "இப்படி இருந்தால் மட்டும் மாற்று" என்ற கட்டளையும் உண்டு. ஆனால் எண்களை மட்டுமே வைக்க முடியும், சொற்களை வைக்க முடியாது. நான்கு வாரம் யாரும் தொடாவிட்டால் தானாக அழிந்துவிடும். இன்னொரு டெர்மினலுக்கு அது தெரியாது.

ஒரே கணினியில், வெவ்வேறு டெர்மினல்களில்: எல்லா டெர்மினல்களுக்கும் பொதுவான கோப்புறை ஒன்று மெட்டாடிரேடரில் இருக்கிறது. அங்கே கோப்பு வைப்பது எளிது. ஆனால் ஒரு பிரதி பாதி எழுதியிருக்கும்போது இன்னொன்று படித்தால் அரைகுறைத் தகவல்தான் கிடைக்கும். வேறொரு பெயரில் முழுவதும் எழுதி முடித்துவிட்டு, பிறகு பெயரை மாற்றுவது பலரும் கையாளும் பழக்கம்.

கோப்புக்குப் பதில் எஸ்கியூலைட் போன்ற சிறிய தரவுத்தளம் வைத்தால் பாதித் தலைவலி தீரும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். படிப்பதையும் எழுதுவதையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டினால், நடுவில் மின்சாரம் போனாலும் பாதிக் கணக்கு மிஞ்சாது. ஒரு எச்சரிக்கை: அந்தத் தரவுத்தளக் கோப்பை நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிரைவில் வைத்துப் பல கணினிகளில் இருந்து எழுதாதீர்கள். அங்கே கோப்புப் பூட்டுகளை நம்ப முடியாது.

மிக வேகம் தேவையென்றால்: ஒரே கணினிக்குள் இரண்டு பிரதிகளும் பார்க்கும்படி நினைவகத்தின் ஒரு பகுதியைப் பகிரலாம். இதைவிட வேகமான வழி இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பூட்டு, ஒழுங்கு எல்லாம் உங்கள் பொறுப்பு. கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

வெவ்வேறு கணினிகளில்: ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் போன்ற ஒரு சர்வரை நடுவில் வைத்து, எல்லாப் பிரதிகளும் அதோடு பேசுவது வழக்கம். ரெடிஸ் தனக்கு வரும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்யும். அதனால் கூட்டிக் கழிக்கும் சின்ன வேலைகளில் மோதல் வராது.

இன்னொரு வழி: கணக்கை யாருமே பகிராமல் இருப்பது. நான்கு பிரதிகளும் தாங்களாக வாங்காமல், "600 ரிங்கிட் ஆபத்தில் இதை வாங்கலாமா?" என்று ஐந்தாவது நிரலிடம் மனுப் போடும். அந்த ஒரே நிரல் வரிசையாக எடுத்துப் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். எழுதும் கை ஒன்று, கேட்கும் வாய் பல.

தேயிலை வியாபாரத்துக்கு இது புதிதல்ல. கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. வாங்குபவர்கள் எத்தனை பேர் கூவினாலும், ஒரு சரக்குக்குச் சுத்தியலைத் தட்டுபவர் ஒருவர்தான். அவர் தட்டியதே விலை, எழுதியதே கணக்கு. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது அந்த ஏலம் கணினித் திரைக்கு மாறியது. கூவல் போனது. கடைசி விலையைப் பதியும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி போகவில்லை.

லாரி நடுவழியில் நின்றுவிட்டால்?

பூட்டு போட்டாச்சு, இனி நிம்மதியா தூங்கலாமா? அவசரப்படாதீர்கள். மூன்று கேள்விகள் பாக்கி இருக்கின்றன.

முதலாவது, பூட்டை எடுத்த பிரதி செத்துப்போனால்? 400 கிலோவுக்கு இடம் ஒதுக்கிக்கொண்ட லாரி பாதி மலையில் பழுதாகி நின்றுவிட்டது. கிராணியின் நோட்டில் இடம் இல்லை, தொட்டியோ காலி. மற்ற லாரிகள் காத்துக் கிடக்கின்றன. அதனால் ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் காலக்கெடு வேண்டும். ஒவ்வொரு பிரதியும் சில நொடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். அந்தத் துடிப்பு நின்றால் பூட்டை விடுவிக்கலாம். ஆனால் உறைந்துபோன பிரதி திடீரென்று விழித்து, பூட்டு இன்னும் தன்னிடமே இருப்பதாக நினைத்து எழுதக்கூடும். பூட்டு கைமாறும் ஒவ்வொரு முறையும் எண்ணை ஒன்று கூட்டி, பழைய எண்ணோடு வருபவரைத் திருப்பி அனுப்புவது இதற்கு மருந்து.

இரண்டாவது, தகவல் பழசாகிவிட்டால்? 'மொத்த ஆபத்து 600' என்று கோப்பு சொல்கிறது. எப்போது எழுதியது? இரண்டு நொடி முன்பா, நேற்று இரவா? நேரம் இல்லாத எண் சந்தையில் ஆபத்தானது. பகிரும் ஒவ்வொரு தகவலோடும் எழுதிய நேரமும் எழுதியவர் அடையாளமும் இருக்கட்டும். தகவல் பழசாக இருந்தால் புது டிரேடு எடுக்காமல் நிற்பதே நல்லது.

மூன்றாவது, ஒரே கட்டளை இரண்டு தடவை போய்விட்டால்? மலைப்பாதையில் சிக்னல் அறுந்துவிட்டது. ஓட்டுநர் மறுபடி போன் போட்டு, "நானூறு கிலோ எழுதிக்கோங்க" என்கிறார். முதல் தடவை சொன்னது கிராணிக்குக் கேட்டிருந்தால் இப்போது 800 ஆகிவிடும். "ஏழாம் நம்பர் டிரிப், நானூறு கிலோ" என்று சொல்லியிருந்தால், "அது அப்பவே எழுதியாச்சே" என்பார். புரோக்கருக்கு அனுப்பும் ஒவ்வொரு ஆர்டருக்கும் இப்படி ஒரு தனி எண் வேண்டும். பதில் வரவில்லை என்றால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். முதலில் அந்த எண்ணில் ஆர்டர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். மெட்டாடிரேடரில் ஒவ்வொரு நிரலும் தன் டிரேடுகளை அடையாளம் காண 'மேஜிக் நம்பர்' வைத்துக்கொள்ள முடியும். நான்கு பிரதிக்கும் ஒரே மேஜிக் நம்பர் கொடுத்தால், ஒன்று வாங்கியதை இன்னொன்று தன்னுடையது என்று நினைத்து விற்றுவிடக்கூடும்.

45 நிமிடம், 46 கோடி டாலர்

இதெல்லாம் சின்னப் பசங்க பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நைட் கேப்பிடல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் பெரிய வர்த்தக நிறுவனங்களில் ஒன்று. அதன் ஆர்டர் அனுப்பும் நிரல் எட்டு சர்வர்களில் ஓடியது. ஒரே நிரல், எட்டுப் பிரதிகள்.

நியூயார்க் பங்குச் சந்தை 2012 ஆகஸ்ட் 1 அன்று சில்லறை முதலீட்டாளர்களுக்கான புதுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்காக நைட் புது நிரலை எழுதி, சர்வர்களில் ஏற்றியது. ஏழு சர்வர்களில் ஏறியது. எட்டாவதில் ஏற்ற மறந்துவிட்டார்கள். இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கமும் இல்லை.

புது நிரல் ஒரு பழைய 'கொடி'யை மறுபடி பயன்படுத்தியது. கொடி என்றால், இந்த வேலையைச் செய் அல்லது செய்யாதே என்று சொல்லும் சின்ன அடையாளம். ஏழு சர்வர்களில் அந்தக் கொடிக்குப் புது அர்த்தம். எட்டாவது சர்வரிலோ அது 2003க்குப் பிறகு பயன்படுத்தாமல் விட்டிருந்த 'பவர் பெக்' என்ற பழைய பகுதியை எழுப்பும் கொடி. தகவல் எட்டுக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அர்த்தம்தான் ஒன்றில் மாறிவிட்டது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஒரு ஆர்டருக்கு இதுவரை எத்தனை பங்குகள் வாங்கியாச்சு என்று கூட்டிப் பார்க்கும் பகுதியை 2005இல் நிரலின் வேறொரு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு பவர் பெக்கைச் சோதிக்கவே இல்லை. அதனால் எட்டாவது சர்வருக்கு, கேட்டது கிடைத்துவிட்டது என்று சொல்ல ஆள் இல்லை. அது நிறுத்தாமல் ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருந்தது.

212 சிறிய ஆர்டர்கள், சுமார் 45 நிமிடத்தில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான பரிவர்த்தனைகளாகப் பெருகின. கைமாறியவை 39.7 கோடிப் பங்குகளுக்கு மேல். அவசரத்தில் பொறியாளர்கள், சரியாக ஓடிய ஏழு சர்வர்களில் இருந்து புது நிரலை அகற்றினார்கள். அங்கேயும் பழைய பகுதி விழித்துக்கொண்டது, நிலைமை இன்னும் மோசமானது. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல்.

வரம்பு இல்லையா? இருந்தது. அந்தப் பரிவர்த்தனைகள் போய்ச் சேர்ந்த உள்கணக்குக்கு 20 லட்சம் டாலர் வரம்பு வைத்திருந்தார்கள். ஆனால் அந்த எண், ஆர்டரைத் தடுக்கும் எந்தத் தானியங்கிக் கட்டுப்பாட்டோடும் இணைக்கப்படவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013இல் வெளியிட்ட உத்தரவில் சொன்னது. சந்தை திறப்பதற்கு முன்பே, பவர் பெக் என்ற பெயரைச் சொல்லும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. நிறுவனம் அதே ஆண்டு இன்னொன்றோடு இணைந்து, தன் பெயரை இழந்தது.

தொட்டி நிறைந்தது நோட்டில் இருக்கிறது, ஆனால் லாரியை நிறுத்த வாசலில் ஆள் இல்லை. நைட் கதையின் சாரம் இதுதான்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிறதா?

பகிர்வதில் வரிசையும் முக்கியம். இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தை, தன் வளாகத்திலேயே சர்வர் வைத்திருந்த வர்த்தக நிறுவனங்களுக்கு முன்பு விலை விவரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. முதலில் இணைந்தவருக்கு முதலில் கிடைக்கும் நிலை இருந்தது. இது நியாயமா என்ற கேள்வி, இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் நீண்ட விசாரணையாகி, நீதிமன்ற வழக்குகள் வரை போனது. 2014இல் சந்தை 'மல்டிகாஸ்ட்' முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில், வானொலி போல எல்லோருக்கும் ஒரே ஒலிபரப்பு.

உங்கள் நான்கு பிரதிகளுக்கும் இதே விதிதான். விலை போன்ற எல்லோருக்கும் பொதுவான செய்தியை ஒலிபரப்பலாம். யார் முதலில் கேட்டார் என்பதால் கணக்கு கெடாது. ஆனால் மீதி வரம்பு போன்ற, எடுத்தால் குறையும் தகவலை ஒலிபரப்பினால் போதாது. அதை ஒருவர் கையில் வைத்து, கேட்டு வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

சரி, நான் என்ன செய்யணும்?

- முதலில் ஒரே பிரதியில் முடியுமா என்று பாருங்கள். ஒரு நிரலே நான்கு ஜோடிகளையும் கவனிக்க முடிந்தால், பகிர்வு என்ற தொல்லையே இல்லை.
- பகிரத்தான் வேண்டும் என்றால், எந்தெந்தத் தகவல் என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுதும் உரிமை யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்.
- வரம்பைச் சரிபார்ப்பதும் ஒதுக்குவதும் ஒரே செயலாக இருக்கட்டும். ஆர்டர் தோற்றால் ஒதுக்கியதைத் திருப்பிக் கொடுங்கள்.
- கடைசி உண்மை உங்கள் கோப்பில் இல்லை, புரோக்கரின் கணக்கில் இருக்கிறது. நிரல் தொடங்கும்போதும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் டிரேடிங்கை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.
- எல்லாப் பிரதிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் ஒரு பொத்தான் வேண்டும். அதை டெமோ கணக்கில் அழுத்திப் பார்த்திருக்கவும் வேண்டும்.
- ஒவ்வொரு பிரதியும் தொடங்கும்போது தன் பதிப்பு எண்ணைப் பதிவு செய்யட்டும். ஒன்று மட்டும் பழைய பதிப்பு என்றால் எதுவும் ஓடக்கூடாது. நைட் நிறுவனத்துக்கு அன்று இந்த ஒரு சோதனை இருந்திருந்தால், எட்டாவது சர்வர் அங்கேயே சிக்கியிருக்கும்.
- சோதிக்கும்போது வேண்டுமென்றே தொல்லை கொடுங்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு நொடி தாமதம் சேருங்கள். ஒரு பிரதியைப் பாதியில் மூடுங்கள். இணையத்தைத் துண்டியுங்கள். கணக்கு அப்போதும் சரியாக வருகிறதா?

பணம் பற்றி ஒரு வார்த்தை. நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பணத்தை யாரிடம் போடுகிறீர்கள் என்பதை அது பார்த்துச் சொல்லாது. மலேசியாவில் செக்யூரிட்டீஸ் கமிஷனும் பேங்க் நெகாராவும் அனுமதி இல்லாத நிறுவனங்கள் பற்றிய எச்சரிக்கைப் பட்டியல்களை வெளியிடுகின்றன. கணக்கு திறப்பதற்கு முன் அவற்றைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

தேயிலை ஆலைக்கு ஒருமுறை திரும்பிப் போவோம். அங்கே இன்னொரு போன் வாங்கி வைப்பதாலோ, இடம் எவ்வளவு என்று பலகையில் பெரிதாக எழுதிப் போடுவதாலோ அந்த 300 கிலோ தப்பியிருக்காது. கேட்ட உடனே பேர் எழுதும் ஒரு நோட்டும், அது நிறைந்ததும் "வேணாம், வராதே" என்று சொல்லும் ஒரு கிராணியும்தான் தேவைப்பட்டார்கள். உங்கள் நான்கு ஜன்னல்களை இன்று இரவு ஓட விடுவதற்கு முன், அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.